கோயில்காட்டு வெள்ளைப்பூ: பாவட்டையா, தெரணியா, சுளுந்தா?

முதலில் முடிவைச் சொல்லிவிடலாம். விழுப்புரம் மாவட்டக் கடலோரத்தில் ஒரு ஐயனார் கோயில்காடு. பெரிய மர நிழலுக்கு அடியில், 2 மீட்டர் உயரத்தில், மே மாதம் கொத்துக் கொத்தாக வெள்ளையாகப் பூத்து நின்ற செடி பாவட்டைதான். தாவரப் பெயர் பாவெட்டா இண்டிகா. அதற்கு நாலடி தள்ளி, அதே நிழலில், அதே வாரத்தில், ஏறக்குறைய அதே உயரத்தில் பூத்திருந்தது தெரணி. அதாவது டாரென்னா ஏசியாட்டிகா. இரண்டையும் ஒரே செடி என்று நினைத்துக் குறிப்பெடுத்ததில்தான் மூன்று வாரம் வீணாகப் போனது. இலையைப் பிடுங்கி வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்திருந்தால் முதல் நாளே பாதி வேலை முடிந்திருக்கும்.

எங்கெங்கே சறுக்கினோம், எதை எப்படி அளந்தோம், என்ன செலவானது என்பதை வரிசையாக எழுதிவைக்கிறோம். மரக்காணத்திலிருந்து கடலூர் வரை, அந்தப் பக்கம் புதுக்கோட்டைச் சீமை வரை, இந்த மாதிரி உலர் பசுமைமாறாக் காடுகளில் கீழடுக்கு முழுக்க இந்தக் குழப்பம்தான். எதிரெதிர் இலை, வெள்ளைக் கொத்துப்பூ, மணம். பார்த்தால் எல்லாம் அண்ணன் தம்பி.

முதல் நாள்: குடும்பம் வரை சரியாகத்தான் போனது

குடும்பத்தைப் பிடிக்கப் பத்து நிமிஷம் கூட ஆகவில்லை. இலைகள் கணுவுக்கு இரண்டாக, எதிரெதிராக, விளிம்பில் பல் இல்லாமல் இருந்தன. கிளை நுனியிலிருந்து இரண்டாவது கணுவில் லென்ஸை வைத்தால், இரண்டு இலைக்காம்புகளுக்கு நடுவே தண்டோடு ஒட்டிய சின்ன முக்கோணச் செதில் தெரிந்தது. பக்கத்துக்கு ஒன்று. இலைக்காம்பிடைச் செதில் என்று பாடப்புத்தகத்தில் வருமே, அதுதான். மூன்றாவதாகப் பூவைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தோம். புல்லிவட்டத்துக்குக் கீழே, காம்பின் தலையில், பச்சையாகக் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு புடைப்பு. சூற்பை பூவுக்குக் கீழே இருக்கிறது என்று அர்த்தம். இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் அது காப்பியும் இட்லிப்பூவும் நுணாவும் இருக்கிற ரூபியேசி குடும்பம். வேறு எங்கும் தேட வேண்டாம்.

செதிலைக் கிளை நுனியில்தான் பார்க்க வேண்டும். முற்றிய கணுக்களில் உதிர்ந்துபோய் ஒரு கோடு மட்டும் இருக்கும். அந்தக் கோட்டைச் செதில் இல்லை என்று எழுதினால் சங்கங்குப்பியிலும் மல்லிகையிலும் போய் மாட்டிக்கொள்வோம். கடலோரத்தில் அவையும் எதிர் இலையும் வெள்ளைக்குழல் பூவுமாகத்தான் நிற்கும். காட்டு மல்லிகையில் மகரந்தத்தாள் இரண்டே இரண்டு. சங்கங்குப்பியில் ஊதா நிறத் தாள்கள் நான்கு மீசைபோல நீண்டிருக்கும். இரண்டிலும் சூற்பை பூவுக்குள்ளே மேலே உட்கார்ந்திருக்கும். களா என்றால் முள்ளும் பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

குடும்பத்துக்குள் காரையை முள்ளை வைத்தே தள்ளிவிடலாம். காப்பியில் பூ இலைக்கக்கத்தில் வரும், நம் செடியில் கிளை நுனியில் கொத்தாக வந்திருந்தது. மொட்டு இன்னொரு தடயம் கொடுத்தது. விரியப்போகும் மொட்டின் நுனியில் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, குடையைச் சுருட்டியதுபோல் திருகியிருந்தன. காரை வகைகளில் இதழ்கள் திருகாமல் விளிம்போடு விளிம்பு தொட்டபடி இருக்கும். ஆக மிச்சம் மூன்று பேர்: ஐக்சோரா (இட்லிப்பூவும் சுளுந்தும் இதில்தான்), பாவெட்டா (பாவட்டை), டாரென்னா (தெரணி).

இங்கிருந்துதான் வழி தப்பியது.

முதல் தப்பு: மேலிருந்து எடுத்த படம்

பூங்கொத்தை நேர் மேலிருந்து படம் எடுத்துக் கைப்பேசிச் செயலியில் போட்டோம். ஐக்சோரா என்று வந்தது. செயலியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேலிருந்து எடுத்த படத்தில் நான்கு வெள்ளை இதழ்கள் மட்டும்தான் இருக்கின்றன. குழல் எவ்வளவு நீளம், சூலகத்தண்டு (சூற்பையிலிருந்து குழல் வழியே மேலே வரும் மெல்லிய குச்சி) எவ்வளவு வெளியே வருகிறது என்று அதில் எதுவுமே இல்லை. யாரிடம் காட்டினாலும் இட்லிப்பூ என்றுதான் சொல்லுவார்கள்.

இப்போது ஒரு செடிக்கு ஆறு படம் என்று வைத்திருக்கிறோம். முழுச்செடி, கணுவும் செதிலும், இலையின் மேல்பக்கம், இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தது, ஒரே ஒரு பூவைப் பிய்த்து ஸ்கேல்மேல் பக்கவாட்டில் படுக்கவைத்தது, காய் இருந்தால் காய். ஐந்தாவது படம் ஒன்றே மற்ற ஐந்துக்கும் சமம்.

இரண்டாவது தப்பு: அன்றைக்கு விரிந்த பூ

ஐக்சோராவுக்கும் பாவெட்டாவுக்கும் எல்லாரும் சொல்லும் வித்தியாசம் சூலகமுடி, அதாவது சூலகத்தண்டின் மகரந்தம் ஏற்கும் நுனி. ஐக்சோராவில் அது இரண்டாகப் பிளந்து பாம்பு நாக்கு மாதிரி விரியும். பாவெட்டாவில் பிளக்காமல் மெலிந்த குண்டாந்தடிபோல் முடியும். சரி, காட்டுப்பூவை வீட்டு இட்லிப்பூவோடு வைத்துப் பார்க்கலாம் என்று தொட்டியில் இருந்த இட்லிப்பூவில் அன்று காலை விரிந்த ஒன்றை எடுத்தோம். அதிலும் நுனி பிளக்கவில்லை! இரண்டும் ஒன்றாகத்தானே இருக்கிறது, அப்படியானால் காட்டுச்செடியும் ஐக்சோராதான் என்று நோட்டில் எழுதிவிட்டோம்.

இந்தச் செடிகளில் மொட்டு மூடியிருக்கும்போதே மகரந்தப்பைகள் வெடித்து, தூளைச் சூலகத்தண்டின் நுனியில் பூசிவிடுகின்றன. பூ விரிந்ததும் தண்டு அந்தத் தூளோடு வெளியே நீண்டு, வண்ணத்துப்பூச்சிக்கும் அந்திப்பூச்சிக்கும் கொடுக்கிறது. முதல் நாள் அது சூலகமுடியாக வேலை செய்வதில்லை, மகரந்தம் கொடுக்கும் குச்சியாக வேலை செய்கிறது. ஐக்சோராவில் இரண்டு மடல்களும் பிற்பாடுதான் விரிந்து பின்னால் வளையும். ஆக, புதுப்பூவைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

திருத்தம் எளிது. மறுநாள் விரியப்போகும் மொட்டுகளாக ஐந்தைப் பார்த்து, காம்பில் சிவப்புத் தையல்நூலைத் தளர்வாக முடிந்தோம். இறுக்கினால் மொட்டு உதிர்ந்துவிடும். முதல் ஐந்தில் இரண்டு அப்படித்தான் போயின. மூன்றாம் நாள் மாலை லென்ஸில் பார்த்தபோது வீட்டு இட்லிப்பூவில் மடல்கள் நன்றாக விரிந்து சுருண்டிருந்தன. காட்டுச்செடியில் நூல் கட்டிய மூன்று பூக்களிலும் நுனி கொஞ்சம் தடித்ததே தவிர பிளக்கவில்லை. இதழ்கள் வாடிப் பழுப்பேறும் வரை அப்படியே இருந்தது. இந்தக் காட்டுக்குப் போகிறவர்கள் அதற்கு முன் வீட்டு இட்லிப்பூவை மூன்று நாள் லென்ஸில் பார்த்துப் பழகிவிட்டுப் போவது நல்லது. காசில்லாத பயிற்சி.

நூல் கட்டாமலே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது. நீளம். பூவைப் படுக்கவைத்து அளந்தால் குழல் 15 மி.மீ., இதழ் 6 மி.மீ., குழல் வாயிலிருந்து வெளியே நீளும் சூலகத்தண்டு 16 மி.மீ. குழல் எவ்வளவு நீளமோ அவ்வளவு வெளியே நிற்கிறது. கொத்து முழுக்க வெள்ளை ஊசி குத்திவைத்த மாதிரி இருப்பதே இதனால்தான். ஐக்சோராவில் தண்டு வாய்க்கு மேல் இரண்டு மூன்று மி.மீ. எட்டிப் பார்ப்பதோடு சரி. மகரந்தப்பைகளும் ஒரு சாட்சி. வெடித்தபின் அவை திருகாணிபோல் முறுக்கிக்கொண்டு குழல் வாயில் தொங்கின. பாவெட்டாவில் அப்படித்தான் இருக்கும்.

மூன்றாவது தப்பு, எல்லாவற்றிலும் பெரியது

இரண்டாம் முறை போனபோது இலை, பூ, பிஞ்சு மூன்றையும் ஒரே ஜிப் கவரில் போட்டுக்கொண்டு வந்தோம். வீட்டில் உட்கார்ந்து தாவர நூலில் இருக்கும் இனங்காணும் திறவுகோலில் (படிக்குப் படி இரண்டில் ஒன்றைத் தேர்ந்து பெயருக்குப் போகும் கேள்வி வரிசை) ஒவ்வொரு படியாக இறங்கினால், நடுவழியில் முட்டுச்சந்து. பூவில் இதழ் நான்கு. பிஞ்சைக் குறுக்கே வெட்டினால் அறைக்கு ஒரு விதையாக இல்லாமல் பல விதைகள். நான்கு இதழ் என்றால் ஐக்சோராவோ பாவெட்டாவோ; அவற்றில் அறைக்கு ஒரு சூல்தான். பல விதை என்றால் டாரென்னா. அதில் இதழ் ஐந்து. நான்கு இதழும் பல விதையும் சேர்ந்த செடி இந்தக் காட்டில் கிடையாது.

பிஞ்சைத் திரும்பத் திரும்ப வெட்டிப் பார்த்தோம். பிளேடு மொக்கை என்று பிளேடை மாற்றினோம். லென்ஸ் போதவில்லை என்று மேக்ரோ கிளிப் ஒன்று வாங்கினோம். அது வீண்செலவு: ஓரம் முழுக்க வானவில் நிறம், நடுவில் மட்டும் தெளிவு. குறை எதுவும் கருவியில் இல்லை. பூ ஒரு செடியுடையது, பிஞ்சு பக்கத்துச் செடியுடையது. இரண்டும் கிளை பின்னிக்கொண்டு நின்றதால் கை எதில் போகிறது என்று யாரும் கவனிக்கவில்லை.

திறவுகோல் இப்படி முரண்பட்டால் வேறு அரிய இனமோ என்று மனசு குதிக்கும். பத்தில் ஒன்பது முறை மாதிரிகள் கலந்துபோயிருக்கும், அவ்வளவுதான். மூன்றாம் முறை போனபோது குளிர்பானக் கேனை வெட்டிச் செய்த அலுமினியத் தகடுகளில் ஆணியால் எண் கீறி, அடித்தண்டில் தளர்வாகக் கட்டினோம். 8 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம், ஓரத்தை மடித்துத் தட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் கையைக் கிழிக்கும். இரும்புக்கம்பி துருப்பிடித்துத் தண்டை அறுக்கும் என்பதால் பருத்திக்கயிறு. மாதிரிக் கவருக்கும், படத்துக்கும், நோட்டுக்கும் அதே எண். கவர் மாறும் முன் கை மாறக்கூடாது: ஒரு செடியின் வேலை முடிந்து கவரை மூடியபின்தான் அடுத்த செடியைத் தொடுவது.

இலையை வெளிச்சத்தில் பிடித்தபோது

எண் கட்டிய பிறகு 3-ஆம் செடியின் இலையையும் 4-ஆம் செடியின் இலையையும் அருகருகே வைத்து வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தோம். 4-இல் நரம்புகள் தவிர ஒன்றும் இல்லை, சுத்தமான பச்சை. 3-இல் இலைப்பரப்பு முழுக்கக் கரும்புள்ளிகள். வெந்தயத்தை அள்ளி இறைத்த மாதிரி, ஆனால் வெந்தயத்தைவிடச் சின்னதாக, ஒவ்வொன்றும் 1 மி.மீ. குறுக்களவில். 2 செ.மீ.க்கு 2 செ.மீ. சதுரம் வரைந்து எண்ணியதில் ஒன்பது. விரல்நுனியால் மேல்பக்கம் தடவினால் நுட்பமாக நெருடியது.

அவை பாக்டீரியா முடிச்சுகள். பர்க்கோல்டேரியா வகைப் பாக்டீரியா இலைக்குள் குடியிருக்கும் அறைகள். பாவட்டைக்கு இது பிறவிச் சொத்து, நோயில்லை. நம் பக்கத்துக் காடுகளில் இலைக்காம்பிடைச் செதிலும் இந்தக் கரும்புள்ளியும் சேர்ந்து வந்தால் அது பாவெட்டா என்று எழுதிவிடலாம். பூவே வேண்டாம். டிசம்பரில் பூவில்லாமல் இலை மட்டும் நிற்கும்போதும் சொல்லலாம். காய்ந்த இலையில் புள்ளிகள் இன்னும் எடுப்பாக, கருப்பாகத் தெரியும்.

மாட்டிக்கொள்ளும் இடங்கள் இதிலும் உண்டு. பூஞ்சைப் புள்ளி என்றால் சுற்றி மஞ்சள் வளையம் இருக்கும், ஒரு இலையில் இருக்கும், அடுத்த இலையில் இராது, வடிவம் கோணல்மாணலாக இருக்கும். முடிச்சு எல்லா இலையிலும் இருக்கும், கொழுந்திலும் இருக்கும், வளையம் இராது. அதனால் குறைந்தது ஐந்து இலையாவது பார்க்க வேண்டும், அதிலும் ஒன்று கொழுந்திலை. இன்னொன்று: காட்டெலுமிச்சையிலும் நாவல் வகைகளிலும் இலையை வெளிச்சத்தில் பிடித்தால் புள்ளிகள் தெரியும்தான், ஆனால் அவை எண்ணெய்ச் சுரப்பிகள். வெளிச்சம் அவற்றின் வழியே ஊடுருவி ஊசித்துளை போல மின்னும். பாவட்டைப் புள்ளி வெளிச்சத்தை மறைக்கும். மின்னுகிறதா, மறைக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

கோயில்காட்டுக்குள் நண்பகலிலும் வெளிச்சம் குறைவு. வானம் தெரியும் இடைவெளி தேடி அலைவதைவிட, கைப்பேசி டார்ச்சை வெள்ளைக் காகிதத்துக்குப் பின்னால் எரியவிட்டு, காகிதத்தின்மேல் இலையை வைப்பது சுலபம். காகிதம் இல்லாமல் நேரே டார்ச்சில் வைத்தால் நடுவில் கண் கூசும், ஓரம் இருட்டாகிவிடும்.

4-ஆம் செடி

தனியாகப் பிரித்தபின் தெரணிக்குப் பெரிய வேலை இல்லை. இதழ் ஐந்து. குழல் 5 மி.மீ.தான், இதழ் அதைவிட நீளம், 7 மி.மீ., விரிந்ததும் பின்னால் மடங்கிவிடுகிறது. வெள்ளையாக விரிந்து மறுநாள் மஞ்சளாகிறது. குழல் வாயில் வெள்ளை ரோமம். சூலகத்தண்டு வெளியே நீளும், ஆனால் பாவட்டையளவுக்கு இல்லை. பிஞ்சில் பல விதை. எல்லாவற்றையும்விட எளிய சாட்சி, செய்தித்தாளில் அழுத்திவைத்த இரண்டே நாளில் இலை கரேலென்று கறுத்துவிட்டது. பாவட்டை இலை அதே கட்டில், அதே தாளில், கரும்பச்சையாகத்தான் காய்ந்தது.

மூன்றாவது ஆளான சுளுந்து, அதாவது கோரிவி, இந்தக் காட்டில் பூவோடு கிடைக்கவில்லை. அது சின்ன மரமாகவே வளரும். இலை தோல்போல் தடித்து, அடிப்பக்கம் வட்டமாக, காம்பு மிகக் குட்டையாக இருக்கும். பூ மிகச் சிறியது, குழல் ஒரு சென்டிமீட்டருக்குள். பச்சைக்குச்சியே பந்தமாக எரியும் என்பதால் வந்த பெயர்.

பெயரில் உள்ள கண்ணி

பாவெட்டா என்ற பேரினப் பெயரே பாவட்டை என்ற நம் பக்கத்துப் பெயரிலிருந்து போனதுதான்; தாவரங்களுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் 1753-இல் அதையே எடுத்துப் பாவெட்டா இண்டிகா என்று வைத்தார். ஆனால் சுளுந்தின் இன்றைய தாவரப் பெயர் என்ன தெரியுமா? ஐக்சோரா பாவெட்டா. இணையத்தில் பாவெட்டா என்று தேடினால் இரண்டின் படங்களும் கலந்து வந்து நிற்கும். நோட்டில் பாதி வரி பாவட்டைக்கு, பாதி சுளுந்துக்கு என்று எழுதி, பிறகு இரண்டு பக்கத்தைக் கிழித்துப் போட்டோம். பழைய நூல்களில் சுளுந்து ஐக்சோரா பார்விஃபுளோரா என்றிருக்கும், தெரணி வெபேரா கோரிம்போசா என்றிருக்கும். பெயர் மாறியதே தவிர செடி மாறவில்லை. தேடும்போது பழைய பெயர் புதிய பெயர் இரண்டையும் ஒரு தாளில் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஊர்ப்பெயரும் அப்படித்தான். கோயில் பூசாரியிடம் கேட்டதற்கு, "ரெண்டும் பாவட்டைதான் தம்பி, இது ஆம்பளப் பாவட்டை, அது பொம்பள" என்றார். அவருடைய வகைப்பாட்டில் அது சரி; வேறு செடிகள் என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது, நாம்தான் ஒன்று என்று நினைத்தோம். வீக்கத்துக்கும் மூட்டுவலிக்கும் பாவட்டை இலையை வதக்கிக் கட்டும் பழக்கம் இன்னும் இருக்கிற ஊர்களில், கட்டுவதற்கு முன் இலையை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது தப்பில்லை.

வெட்டிப் பார்த்தது

சூற்பையை வெட்டுவது இந்த வேலையில் கஷ்டமான கட்டம். பூவில் அது 1.5 மி.மீ.தான். 10 மடங்கு லென்ஸில், பிளேடால், கையில் பிடித்து வெட்டினால் நசுங்கிப் பச்சைச்சாறுதான் மிஞ்சும். பத்துப் பூவை நாசம் செய்தபின் விட்டுவிட்டோம். இதற்கு வழி, காத்திருப்பதுதான். ஆகஸ்டில் 3-ஆம் செடியின் காய் 5 மி.மீ. ஆனதும் பிளேடில் அழகாக வெட்டுப்பட்டது. இரண்டு அறை, அறைக்கு ஒரு விதை, விதையின் உட்பக்கம் குழிவு. காயை உருண்டு ஓடாமல் பிடிக்க, குண்டூசியில் குத்திப் பழைய ரப்பர் செருப்புத் துண்டில் நட்டுக்கொண்டு வெட்டினோம். பிளேடை அழுத்தக்கூடாது, ரம்பம்போல் இழுக்க வேண்டும். ஒரு பிளேடு ஓரத்தில் நான்கு வெட்டுக்குமேல் எதிர்பார்க்க வேண்டாம்.

இந்த இரண்டு விதை பாவெட்டாவையும் ஐக்சோராவையும் பிரிக்காது, இரண்டிலும் அப்படித்தான். டாரென்னாவைத் தள்ளமட்டும் உதவும். ஐக்சோராவைத் தள்ளியது சூலகத்தண்டும் இலைப்புள்ளியும்.

காய்ந்த பூவை வெட்ட வேண்டி வந்தால், டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்கும் சோப்பு விட்டு, கொதிக்கும்போது பூவைப் போட்டு ஐந்து நிமிஷம் வைத்தால் இதழ் பிரியும் அளவுக்கு ஊறிவிடும். புதுப்பூவாக வைத்திருக்க, 70 சதவீத ஸ்பிரிட்டில் சின்ன மருந்துப் புட்டியில் போடலாம். நிறம் போய்விடும், வடிவம் நிற்கும். நிறத்தைப் போடும் முன்பே எழுதிக்கொள்ள வேண்டும்.

அழுத்திக் காயவைத்தது, செலவு

45-க்கு 30 செ.மீ. பிளைவுட் பலகை இரண்டு, நடுவில் செய்தித்தாள், இரண்டு வார். ஹெர்பேரியத் தாள் (உலர்தாவரச் சேகரிப்பில் மாதிரியை ஒட்டும் தாள்) 42-க்கு 28 செ.மீ. என்பதால் கிளை அதற்குள் அடங்க வேண்டும். நீளமானால் ஒடிக்காமல் வளைத்து வைக்கலாம். குறைந்தது ஒரு இலையைத் திருப்பிப்போட்டு அடிப்பக்கம் மேலே தெரியும்படி வைக்க வேண்டும். முதல் கட்டில் அதை மறந்தோம். முதல் மூன்று நாள் காலையும் மாலையும் தாள் மாற்றம், பிறகு தினம் ஒருமுறை, ஒன்பதாம் நாள் காய்ந்தது. கடலோர ஈரக்காற்றில் முதல் நாள் தாள் மாற்றாவிட்டால் பூ பூசணம் பூத்துவிடும். மின்விசிறிக்குக் கீழே கட்டை நிமிர்த்தி வைத்தது உதவியது. வெயிலில் வைத்தால் இலை முறுகும்.

10 மடங்கு லென்ஸ் 220 ரூபாய், பலகை 240, வார் 130, ஸ்பிரிட் 100 மி.லி. 60, பிளேடு 20, ஜிப் கவர் 40, வேண்டாத மேக்ரோ கிளிப் 300. மொத்தம் 1,010. அந்த 300-ஐ லென்ஸில் போட்டு 20 மடங்கு வாங்கியிருக்கலாம்.

கோயில்காட்டில் குச்சி ஒடிக்கும் முன் கோயில்காரர்களிடம் கேட்டே ஆக வேண்டும். பல ஊரில் விழுந்த சுள்ளியைக்கூட எடுக்கவிட மாட்டார்கள். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் இலைகூடப் பறிக்க முடியாது. இந்த வேலைக்குச் செடிக்கு ஒரே ஒரு சாண் கிளை, ஐந்து உதிர்ந்த பூ, இரண்டு காய் போதும். கிளை கிடைக்காவிட்டால் இலையைச் செடியிலேயே வைத்து டார்ச்சில் படம் எடுத்தாலும் ஆகும்.

சரிபார்க்க இரண்டு நூலின் திறவுகோல்களில் ஓட்டினோம். 1915-க்கும் 1936-க்கும் இடையில் பகுதி பகுதியாக வந்த கேம்பிளின் மதராஸ் மாகாணத் தாவர நூலில் அளவெல்லாம் அங்குலம். மாற்றிக்கொள்ள வேண்டும், பெயர்களும் பழையவை. திருச்சி ராபினாட் ஹெர்பேரியத்திலிருந்து மேத்யூ 1980-களில் கொண்டுவந்த தாவர நூல் சமவெளிக்கும் கிழக்குமலைகளுக்கும் கைக்கு அடக்கம். இரண்டிலும் 3-ஆம் செடி பாவெட்டா இண்டிகாவில் போய் நின்றது. காய்ந்த மாதிரியை நேரில் ஒப்பிட நினைப்பவர்களுக்குப் பக்கத்தில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவன ஹெர்பேரியம் இருக்கிறது, மேற்கே கோவையில் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் மதராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. முன்கூட்டி எழுதிக் கேட்டுவிட்டுப் போவதுதான் முறை. தேதி, இடம், உயரம், பூ நிறம் எழுதாத மாதிரியைக் கொண்டுபோவது வீண்.

ஒரு எல்லையும் சொல்ல வேண்டும். கரும்புள்ளி பேரினத்தைத்தான் சொல்லும். இலையின் அடியில் மெத்தென்று ரோமம் அடர்ந்திருந்தால் அது பாவெட்டா டொமென்டோசா பக்கம் போகும். மேற்குமலையில் பாவெட்டா இனங்கள் இன்னும் பல. எங்கள் 3-ஆம் செடியில் இலை இருபுறமும் வழவழப்பு, 9 முதல் 16 செ.மீ. நீளம். இலை அளவை அடியில் கிளைத்த நிழல்தளிரில் எடுக்கக்கூடாது. அங்கே ஒரு இலை 21 செ.மீ. வந்தது, அதை எழுதியிருந்தால் திறவுகோல் மறுபடி தடுக்கியிருக்கும். பூக்கும் கிளையில் நுனியிலிருந்து மூன்றாவது ஜோடியில் அளந்ததுதான் மேலே சொன்ன எண்.

அடுத்த முறை செய்வதென்றால் முதல் அரைமணியில் பூவைத் தொடவே மாட்டோம். தகடு கட்டி, செதில் பார்த்து, ஐந்து இலையை டார்ச்சில் வைத்து, அதற்குப் பிறகுதான் பூ. நூல் கட்டும் வேலை முதல் நாள் மாலையிலேயே, செடிக்குப் பத்து மொட்டாக.

காட்டில் மொத்தம் ஏழு செடிக்குத் தகடு கட்டியிருக்கிறோம். நான்கு பாவட்டை, இரண்டு தெரணி. குளக்கரையோரம் நிற்கும் 7-ஆம் செடி இந்த வருஷம் பூக்கவில்லை. செதில் இருக்கிறது, இலை தடிப்பு, காம்பு குட்டை, டார்ச்சில் வைத்தால் புள்ளி இல்லை. அதற்கு நேரே நோட்டில் எழுதியிருப்பது: "ரூபியேசி. பாவட்டை இல்லை. சுளுந்தாக இருக்கலாம். மார்ச்சில் மொட்டு பார்க்க, நூல் எடுத்துப் போக."